ஆறாம் போர்ட்

வேகம் எழுதும் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.
பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.
முன்பக்கம் கலியாண வீட்டுக் கணக்கு:
அட்வான்ஸ் தந்தவர், அல்பத்துக்கு இன்னும் தராதவர்.

ஆனி 9, இரவு பதினொன்று. இறங்குவது பதினெட்டு, ஏறுவது ஒன்றரை.
ஆனி 10, பகல். இறங்குவது நாலு. ஏறுவது, முள் அசையவில்லை.
ஆனி 12. கச்சான் அடித்தது.
கூரையில் பூட்டிய அன்டெனா
பேரின்பத்தாரின் தென்னையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அது டவர்க்காரர்.
வாவிக்கு அங்கால் நிற்கிறது அவர்களுடைய கோபுரம்.
அதன் சிவப்பு வெளிச்சம் மட்டும்
தண்ணீருக்கு மேலால் தடங்கலின்றி வந்து சேரும்.

பழைய கம்பிக்காரர் இன்னொரு வகை.
மழை தொடங்கினால் ரிசீவருக்குள் தவளை கத்தும்.
ஆனால் அங்கே ரிஸ்கான் இருந்தான், ஏறாவூர், லைன்மேன்,
தன் சொந்த நம்பரை என் கொப்பியில் எழுதியவன்:
"ஒஃபிசுக்கு அடிக்காதீங்க அக்கா, எனக்கு அடிங்க."

டவர்க்காரருக்கு அடித்தால்
சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு.
இரண்டை அழுத்தியவர்களுக்கென்று ஒரு புல்லாங்குழல்.
நாற்பத்தொரு நிமிடம் கேட்டிருக்கிறேன்,
பூசணிக்காய் வெட்டி, கறி வைத்து, இறக்கியும் ஆயிற்று.
பிறகு ஒரு பெண், மிகுந்த மரியாதையோடு,
"ரவுட்டரை ஒருமுறை நிப்பாட்டிப் போடுங்க மிஸ்."
நிப்பாட்டினேன்.
அந்த ரவுட்டரில்தான் அந்தப் போனும் ஓடியது.

எல்லோரும் இறங்கும் வேகத்தைத்தான்
சந்தியில் பெரிதாக எழுதி வைக்கிறார்கள்.
ஏறும் வேகம் கேட்டால்,
"நீங்க படம்தானே பார்ப்பீங்க?"
நான் படம் அனுப்புகிறவள்.
குருமண்வெளிக் கலியாணம், நாற்பத்திரண்டு ஜீபீ.
பெண்ணின் தமையன் நோர்வேயில் காத்திருக்க
அறுபத்து மூன்று வீதத்தில், தாலிக்குச் சற்று முன்னால்,
இரண்டு நாள் நின்றது.

ஃபைபர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது,
நாலாம் போஸ்ட்டோடு தங்கிவிட்டது.
கறுப்புப் பெட்டி. எட்டுத் துளை. எட்டும் நிறைந்தாயிற்று.
"போர்ட் இல்ல மிஸ். ஆராவது வெட்டினா தருவம்."

அன்றிலிருந்து ஒழுங்கை எனக்கு எட்டு வீடாகத் தெரிந்தது.
யார் வெட்டுவார்?
நர்ஸம்மா வீடு வெட்டாது, பிள்ளைக்குச் சூம் வகுப்பு.
கொமினிகேஷன் கடை வெட்டவே வெட்டாது.
மஞ்சள் கேட் வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால்
மதிலோரம் உடுப்புக் காயப்போடப் போனேன்.
ஓம், வெட்கம்தான்.

ஐப்பசியில் வேதவல்லியக்கா வந்தார்,
கையில் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்.
"பாரம் கூடிப்போச்சு கிளி, பிளேனில ஏத்த ஏலா. நீ வெச்சுக்க."
பேப்பர் சரிவந்துவிட்டதாம். கனடா, மகளிடம்.
எல்லோரும் போகிறார்கள், நாயைத் தவிர.
நல்லதுக்கா என்றேன். கட்டிப்பிடித்து அழுதேன், உண்மையாகவே.
அவர் மூலையில் திரும்புமுன்
ஃபைபர்காரருக்கு அடித்திருந்தேன்.
இரண்டு. ஏழு நிமிடம். பாட்டு இல்லை.
"ஆறாம் போர்ட் வருது மிஸ். உங்களுக்கு அதிஷ்டம்."

பூட்ட வந்தவன் ரிஸ்கான். கம்பனி மாறியிருந்தான்.
அவர்கள் வயரைக் கழற்றி
வளையமாகச் சுற்றி, ஏணியிலிருந்தே நீட்டினான்.
வாங்கிவிட்டேன், ஏனென்று தெரியாமல்.
நுனியில் அவர்கள் சுவரின் பச்சைப் பெயின்ட்.

கார்த்திகை 3, இரவு. இறங்குவது தொண்ணூற்றாறு.
ஏறுவது நாற்பத்தெட்டு.
இரண்டுமுறை அடிக்கோடு இட்டேன்.
'எமது சேவைக்கு எத்தனை புள்ளி தருவீர்கள்' என்று மெசேஜ் வந்தது.
ஐந்து.

பதினேழாம் தேதி வேதவல்லியக்கா வீடியோவில் வந்தார்,
கழுத்துவரை கம்பளி.
நாயைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
அது திரையை மணந்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படுத்தது.
"உன்ட முகம் என்ன கிளி இவ்வளவு தெளிவா இருக்கு,
முந்தி கட்டம் கட்டமாத்தானே வரும்? ஆர்ர லைன்?"

கம்பனியின் பெயரைச் சொன்னேன்.